முந்நூறு முட்டையும் ஓர் அரண்மனைத் தரையும்

சுண்ணாம்பும் கரியும் கரைத்த குழம்பில் முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றிக் கிளறும்போது எழும் வாடை எப்படியிருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், மழையில் நனைந்த நாய் ஒன்று பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டு வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்தது போலிருக்கும் என்று சொல்வேன். இந்த வாடையை முகர்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஆனால் அறுபதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வீடு கட்டிய தெருவில் குடியிருந்த அத்தனை பேரும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் முகர்ந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் என் அப்பா. அப்பாவை அப்படி ஆக்கியது பத்மநாபபுரம் அரண்மனை.

அப்பா பாரிமுனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அம்மா உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. தெருவில் அவருக்கு ‘டீச்சரம்மா’ என்றுதான் பெயர். ரூபி அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. நாங்கள் ரயில்வே கேட்டுக்கு மேற்கே ஒரு வாடகைப் ‘போர்ஷ’னில் இருந்துகொண்டு, கிழக்கே கன்னியப்பன் என்பவரிடம் வாங்கிய மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். கன்னியப்பன் அந்தப் பக்கத்துப் பழைய குடியானவர்; எங்கள் மனை அதற்கு முந்தைய ஆண்டு வரை அவருடைய நெல் வயல். சுவர் எழும்பி, கூரைக்குக் ‘கான்கிரீட்’ போட்டாகிவிட்டது. தரை மட்டும் பாக்கி. தாம்பரத்தில் அப்போது எல்லார் வீட்டிலும் ‘ரெட் ஆக்சைடு’ என்னும் சிவப்புத் தரைதான். எங்கள் வீட்டுக்கும் அதுவே என்று முடிவாகி, சிவப்புப் பொடி டப்பாக்கள் மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அந்தச் சமயத்தில்தான் நாகர்கோவிலில் சித்திக்குக் கல்யாணம் வந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள், வந்ததுதான் வந்தோம் என்று, நாங்கள் நால்வரும் பஸ் ஏறி அரண்மனையைப் பார்க்கப் போனோம். திருவிதாங்கூர் ராஜாக்கள் திருவனந்தபுரத்துக்குக் குடிபெயரும் முன்பு அரசாண்ட இடம் அது. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் அரண்மனை மட்டும் கேரளத்தின் பராமரிப்பிலேயே இருந்தது. ஆகவே எங்களைச் சுற்றிக்காட்டிய காவலர் மலையாளத்தில் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துப் பாதி வழியில் தமிழுக்கு மாறும் ஒரு பாஷையில் பேசினார்.

மே மாத வெயிலில் கொதிக்கும் முற்றத்தைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்ததும், பானைக்குள் இறங்கியது போல் ஒரு குளிர்ச்சி. எங்கு பார்த்தாலும் மரம்: மரக்கூரை, மரச்சுவர், ஒவ்வொரு பூவும் வேறு வேறாகச் செதுக்கிய மர விதானம், ஒரே பலாமரத்தைக் குடைந்து செய்த தூண். வாசல் நிலைகள் எல்லாம் குட்டை. முதல் வாசலிலேயே அப்பா நெற்றியை இடித்துக்கொண்டு, “ராஜாக்கள் எல்லாம் குள்ளமா?” என்று கேட்டார். “குள்ளமில்ல சாரே. ராஜாவு முன்னாடி தல குனிஞ்சு வரணும், அதுக்காக்கும்” என்றார் காவலர். அப்பா அதன் பிறகும் மூன்று இடங்களில் குனிய மறந்தார்.

அறுபத்து நான்கு வகை மூலிகை மரங்களால் செய்தது என்று காவலர் சொன்ன ராஜாவின் கட்டிலைப் பார்த்தோம். ஆயிரம் பேர் கீழேயும் ஆயிரம் பேர் மேலேயும் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையையும், ஆள் இறங்கி ஒளிந்துகொள்ளக்கூடிய ஊறுகாய்ச் சாடிகளையும் பார்த்தோம். அம்மா சாடிகளிடமிருந்து நகர மறுத்தார். செங்குத்தான ஒரு மரப்படியில் ஏறி ராஜா மந்திரிகளோடு ஆலோசனை செய்த கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் அப்பா அப்படியே நின்றுவிட்டார். ‘மைக்கா’ பதித்த ஜன்னல்கள் வழியே வண்ண வண்ணமாக வெளிச்சம் விழ, அடியில் தரை கன்னங்கரேலென்று கிடந்தது. கிணற்றுத் தண்ணீரில் தெரிவது போல அதில் ஜன்னல் தெரிந்தது, நாங்களும் தெரிந்தோம். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, யாரும் எதிர்பாராத விதமாகக் குப்புறப் படுத்து, தரையில் தன் முகத்தைப் பார்த்தார்.

“சாரே, எழும்பணும்! இது ராஜாவு இருந்த எடமாக்கும், கெடக்கான் பாடில்லா!” என்று காவலர் பதறினார்.

அப்பா படுத்தபடியே, “இது என்ன தரை?” என்று கேட்டார்.

எரித்த கொட்டாங்கச்சிக் கரி, சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக்கரு, அதோடு சில பச்சிலைச் சாறு என்றார் காவலர். எந்தப் பச்சிலை, என்ன அளவு என்று அப்பா விடாமல் கேட்டபோது, “அது ராஜாவுக்கு அறியாம்” என்று, ராஜாவுக்குத்தான் தெரியும் என்ற பாவனையில் முடித்துக்கொண்டார். அப்பா சித்தியின் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ரயிலில் தாம்பரம் வந்து சேரும் வரை அந்தப் பத்திரிகை சட்டைப் பையிலிருந்து பத்துத் தடவையாவது வெளியே வந்திருக்கும்.

வந்த மறுநாளே, நடுக்கூடத்துக்கு அரண்மனைத் தரை என்று அறிவித்தார். “நானூறு வருஷமா பளபளன்னு இருக்கு, யோசிச்சுப் பாரு” என்றார் அம்மாவிடம்.

“அவ்வளவு நல்ல தரைன்னா ஏன் அதை விட்டுட்டுத் திருவனந்தபுரத்துக்குக் குடி போனாங்களாம்?” என்று கேட்டார் அம்மா.

ராஜ்ய பாரம், படையெடுப்பு, வாணிபம் என்று அப்பா அரைமணி நேரம் சரித்திரம் சொன்னார். அம்மா அவரைக்காய் நறுக்கி முடித்தார்.

எங்கள் வீட்டைக் கட்டியவர் பம்மலிலிருந்து சைக்கிளில் வரும் துரைக்கண்ணு மேஸ்திரி. ஒல்லியான மனிதர், எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். அப்பா பத்திரிகையைப் புரட்டிப் படித்துக் காட்டியதும் அவர் பீடியை ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

“சார், தர இன்னா கஸ்ரத்து பண்ணப் போவுதா, முட்டை குட்த்து வளக்கறதுக்கு?”

“ராஜா போட்டிருக்கார் மேஸ்திரி.”

“ராசாவுக்கு ஆயிரம் ஆளு கீது சார். நமக்கு நா ஒர்த்தன், அதோ அந்தச் சித்தாளு பொம்பள ஒர்த்தி.”

ஆனாலும் அப்பா விடவில்லை. ஏதோ ஒரு கணக்குப் போட்டு, கூடத்துக்கு முந்நூறு முட்டை தேவை என்று கண்டுபிடித்தார். கன்னியப்பன் வீட்டில் நாட்டுக்கோழிகள் உண்டு. அப்பா மூன்று நாள் விடாமல் அவர் வாசலில் போய் நின்றதும், “சார், கோயி நாளிக்கி ஒண்ணுதான் போடும். நீங்க அவசரப்பட்டீங்கன்னா அது இன்னா பண்ணும் பாவம்?” என்றார் அவர். கடைசியில் முக்கால்வாசி முட்டைகள் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து வைக்கோல் கூடைகளில் சைக்கிளில் வந்தன. கொட்டாங்கச்சிக்காக நானும் அக்காவும் வீடு வீடாகச் சாக்குப்பை தூக்கிப்போனோம். அதை எரித்த அன்று, புகையைப் பார்த்துவிட்டு ஸ்டேஷன் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வாளியோடு ஓடிவந்தார்கள்.

தரை போடும் வேலை மூன்று நாள் நடந்தது. நாளுக்கு நூறு முட்டை. அம்மாவும் அக்காவும் நானும் விடியற்காலையில் உட்கார்ந்து, வெள்ளையைக் குடத்திலும் மஞ்சளைப் பாத்திரத்திலுமாகப் பிரித்தோம். வெள்ளைக்கரு கட்டடத்துக்குப் போனது. நூறு மஞ்சள்கரு வீட்டில் நின்றது. ஐஸ்பெட்டி எல்லாம் நாங்கள் கேள்விப்பட்டதோடு சரி. முதல் நாள் மஞ்சள்கருப் பொரியல், மஞ்சள்கருக் குழம்பு, ராத்திரிக்கு மஞ்சள்கருத் தோசை. இரண்டாம் நாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் தூக்கில் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள் எங்கள் தூக்கைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். முடிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, தெருப் பெண்கள் அத்தனை பேரும் மஞ்சள்கரு தேய்த்துக் குளித்தார்கள். மிஞ்சியது தெருநாய்களுக்குப் போனது. அந்த வருஷம் எங்கள் தெருநாய்களைப் போல் மினுமினுப்பான நாய்களைச் செங்கல்பட்டு வரை பார்த்திருக்க முடியாது.

பச்சிலைச் சாறு விஷயத்தில் ராஜா கைவிட்டுவிட்டதால், மேஸ்திரி தன் யோசனைப்படி கடுக்காய்த் தண்ணீரும் செம்பருத்தி இலைச் சாறும் ஊற்றினார். பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் எழுந்து நின்றபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், நாங்கள் எல்லாரும் அசந்துபோனோம். கறுத்து, ஈரமாக, மின்னிக்கொண்டு, அரண்மனைக் கூடம் தாம்பரத்துக்கு வந்திருந்தது. அப்பா வாசற்படியில் மண்டியிட்டு எட்டித் தன் முகத்தைப் பார்த்தார். மேஸ்திரியும் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டு, “பரவால்ல சார், நம்ம மூஞ்சிகூட நல்லாத்தான் கீது” என்றார்.

தொல்லை மறுநாள் தொடங்கியது. கருப்பட்டியைத் தேடி எறும்புகள் வந்தன. கன்னியப்பனின் வரப்பிலிருந்து புறப்பட்டு எங்கள் கூடம் வரை ஒரு கறுப்பு ஊர்வலம். முட்டை வாடைக்குப் பூனைகள் வந்தன. வாடை தெருமுனை வரை போனது. எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், தரை காயவே இல்லை. ஒரு வாரம் கழித்து விரலை வைத்தாலும் ஒட்டியது. இரண்டு வாரம் கழித்தும் ஒட்டியது. “எறும்புக்கு நல்ல வூடா கட்டிகினீங்க சார்” என்று கன்னியப்பன் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். “அரண்மனைத் தரைக்கு நானூறு வருஷம் ஆகியிருக்கு, இதுக்கு ரெண்டு வாரம்தானே” என்றார் அப்பா. அம்மா பதில் சொல்லவில்லை. அம்மா பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் நல்ல அறிகுறி அல்ல.

அம்மாவின் கவலைக்குக் காரணம் இருந்தது. அக்காவைப் பெண் பார்க்க அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்துபோயிருந்தார்கள். இரண்டு பேருமே, “ஊருக்குப் போய் எழுதுகிறோம்” என்றார்கள்; இரண்டு பேருமே எழுதவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் நேரத்தில் அக்கா பின்கட்டுக்குப் போய்விடும் பழக்கம் அப்போதுதான் வந்தது. மூன்றாவதாகப் புரசைவாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பெயர் சாமுவேல், வடக்கே ஓர் இரும்பாலையில் என்ஜினீயர், ஜூலையில் பத்து நாள் லீவில் வருகிறார். புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தன்றே அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் புகைப்படத்தை அக்கா தன் சுருக்கெழுத்து நோட்டுக்குள் வைத்திருந்ததை நான் மட்டும் பார்த்திருந்தேன். தரையைப் பற்றி அக்கா ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து புதுவீட்டுப் பக்கமாக வந்து, வாசலில் நின்று கால் கட்டைவிரலால் தரையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு போவாள்.

ஜெபத்துக்கு நான்கு நாள் முன்பு காற்று மாறி, நல்ல வெயில் அடித்தது. ஜெபத்துக்கு முந்தின நாள் தொட்டுப் பார்த்தபோது தரை ஒட்டவில்லை. அம்மா உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை சுத்தமாக வந்தது. அப்பா கூடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து காட்டினார். பாயை விரித்துத் தரையை மறைப்பது ராஜாவுக்கே அவமானம் என்று சொல்லிவிட்டு, வாடகை நாற்காலிகளை மட்டும் போடச் செய்தார். காய்ச்சிய பாலின் மேல் ஆடை கட்டுவது போலத்தான் மேலே மட்டும் காய்ந்திருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியில், மாப்பிள்ளை வெளிர் நிற ‘டெரிலின்’ பாண்ட்டில், மாப்பிள்ளையின் அம்மா காஞ்சிபுரம் பட்டில். எங்கள் சபைப் போதகரும் வெள்ளை அங்கியில் வந்தார். நீண்ட ஜெபத்துக்குப் பெயர் போனவர் அவர். அவர் ஜெபம் தொடங்கினால் அடுப்பில் அரிசி போடலாம், முடிக்கும்போது வடித்துவிடலாம் என்பார் அம்மா. ஒரு பாட்டுப் பாடி முடித்ததும், “நாமெல்லாரும் முழங்கால்படியிடுவோம்” என்றார் போதகர்.

எல்லாரும் மண்டியிட்டோம். போதகர் அஸ்திவாரத்துக்காக ஜெபித்தார், நான்கு சுவர்களுக்காக ஜெபித்தார், கதவு ஜன்னல்களுக்கும் கிணற்றுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஜெபித்தார். என் முழங்காலுக்கடியில் ஏதோ மெல்ல இளகுவதை உணர்ந்து கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே மாப்பிள்ளையும் கண்ணைத் திறந்து, சந்தேகத்தோடு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, “இந்த வீட்டின் தரையை அசையாத கன்மலையாக ஸ்திரப்படுத்தும் ஆண்டவரே” என்று போதகர் உருகினார்.

‘ஆமென்’ சொல்லியாயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. பக்தியினால் என்று முதலில் நினைத்தோம். பிறகு போதகர் நாற்காலியைப் பிடித்துத் தம் கட்டி எழுந்தார். சப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்தடுத்து ஏழெட்டுச் சத்தம். நின்ற எல்லாருடைய முழங்காலிலும் தட்டு வடிவத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள். வெள்ளை வேட்டியில், வெள்ளை அங்கியில், வெளிர் பாண்ட்டில். மாப்பிள்ளையின் அம்மா தன் பட்டுப்புடவையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பிறகு எங்கள் அம்மாவைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இது பத்மநாபபுரம் அரண்மனைத் தரை” என்று தொடங்கினார்.

அப்போது காபித் தட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள் அக்கா. வரிசையாக நின்ற முழங்கால்களைப் பார்த்தாள். தலை குனிந்து வந்து தட்டை நீட்ட வேண்டும் என்று அம்மா இரண்டு வாரமாகச் சொல்லிக் கொடுத்திருந்த அக்கா, சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் நீர் வழிய, தட்டில் தம்ளர்கள் கலகலக்கச் சிரித்தாள். ‘போச்சு’ என்பது போல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அப்பாவிடம் மிகவும் மரியாதையாக, “அங்கிள், அந்த ராஜா வேட்டி என்ன கலர்ல கட்டுவாரு?” என்று கேட்டுவிட்டு, அவரும் சிரித்தார். அவருடைய அப்பா சிரித்தார். போதகர்கூட அங்கியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. “இதுல என்ன கலந்திருக்கீங்க?” என்று கேட்டார். அப்பா பட்டியலைச் சொன்னார். “எத்தனை முட்டை?” முந்நூறு. அந்த அம்மாள் அப்பாவை விட்டுவிட்டு எங்கள் அம்மாவின் பக்கம் திரும்பி, “அப்போ முந்நூறு மஞ்சக்கருவை நீங்க என்ன பண்ணினீங்க?” என்று கேட்டார்.

மூன்று வாரமாகத் தரையைப் பற்றி வாயைத் திறக்காத அம்மா அன்று திறந்தார். பொரியல், குழம்பு, தோசை, தூக்கு, நாய் என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த அம்மாள் பக்கத்தில் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வீட்டுக்காரர் ஒரு வருஷம் மொட்டைமாடியில் தேனீ வளர்த்த கதையை அவர் பதிலுக்குச் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் எங்கள் அப்பாவின் வேட்டிகளைக் கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்களும் எழுதுவதாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்; அடுத்த ஆறு நாள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா ஒரு சாயங்காலம் அக்காவிடம் போய், “தப்புப் பண்ணிட்டேம்மா” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அக்கா நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், “பாக்கலாம்ப்பா” என்றாள். ஏழாம் நாள் தபால்காரர் எங்கள் வாசலில் நின்றார். பார்சலில் துவைத்து இஸ்திரி போட்ட வேட்டிகள்; மேலே ஒரு கடிதம். பெண் பிடித்திருக்கிறது, கல்யாணத்தைக் கிறிஸ்துமஸ் லீவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சாப்பாட்டுப் பந்தி மட்டும் முட்டை வாடை இல்லாத வேறு இடத்தில் இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முன் கூடத்தைப் பெயர்த்துச் சிவப்புத் தரை போட்டுவிடுவது என்று அப்பா தானாகவே சொன்னார். ஐப்பசியில் துரைக்கண்ணு மேஸ்திரி கடப்பாரையோடு வந்தார். ஓங்கிக் குத்தினார், ‘டங்’கென்று கடப்பாரை துள்ளிக் கையை உதறவைத்தது. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கும் அப்படியே. யாரும் கவனிக்காத மூன்று மாதத்தில் தரை கல்லாகியிருந்தது.

“சுண்ணாம்பு மொள்ளத்தான் கல்லாவும் சார். நாமதான் பேஜார் பண்ணிக்கினோம்” என்றார் மேஸ்திரி. பிறகு, அவர் வாயிலிருந்து நாங்கள் எதிர்பார்க்காத ஒரு வார்த்தை: “ராசா ராசாதான்.”

வாடை போயிருந்தது, எறும்பும் போயிருந்தது. போகாமல் நின்றவை முழங்கால் பள்ளங்கள். ஜோடி ஜோடியாக, ஆழமும் அகலமும் வேறு வேறாக, கன்னங்கரேலென்ற மெருகோடு கூடத்தில் பதிந்து கிடந்தன. அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அப்பா சுற்றிக்காட்டாமல் தப்பியதில்லை. “இது போதகருடையது, பாருங்க என்ன ஆழம். இது சம்பந்தியுடையது. இது மாப்பிள்ளை” என்று அரண்மனைக் காவலரைப் போலவே சொல்லிக்கொண்டு போவார். தரையைத் துடைக்கும் அம்மாதான், ஒவ்வொரு பள்ளத்திலும் தேங்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பார்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டோம். இடிக்கிற அன்று நான் போயிருந்தேன். அக்காவும் அத்தானும்கூட வந்திருந்தார்கள். சுவரும் கூரையும் அரைநாளில் விழுந்துவிட்டன. கூடத்துத் தரைதான் இயந்திரத்துக்கு மசியவில்லை. அதை ஓட்டிய இளைஞர் இறங்கி வந்து, “இது இன்னா தரை சார்? சிமெண்ட்டும் இல்ல, ஒடையவும் மாட்டேங்குது. இன்னா கலந்தீங்கோ?” என்று கேட்டார். அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை.

அத்தான் கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்து போய் ஓரிடத்தில் நின்றார். இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவைச் சிகிச்சை ஆகிப் பல வருஷமாயிற்று. இப்போது குனியக்கூட முடியாது. கைத்தடி நுனியால் தூசியைத் தள்ளிவிட்டு அந்த இரண்டு பள்ளங்களையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ரூபி, என் ஒரிஜினல் முட்டி ரெண்டும் இதுதான்” என்றார்.

அன்றைக்குத் தட்டோடு நின்று சிரித்தது போலவே அக்கா சிரித்தாள். எழுபதைத் தாண்டிய பிறகும் அந்தச் சிரிப்புக்குக் கண்ணில் நீர் வருகிறது. கன்னியப்பன் வீட்டு வயல்கள் எல்லாம் இன்று மாடி வீடுகள். எங்கள் கூடம் இருந்த இடத்தில் ஒன்பது கார்கள் நிற்கின்றன. அன்று, இளைஞர் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து, நாங்கள் நகர்வதற்காகக் காத்திருந்தார். அத்தான் நகர இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.